தையல் மிஷின் போதுமா?

ரமளான் இருபதாம் பிறையைத் தாண்டிவிட்டால் நம் ஊர்களில் தவறாமல் ஒரு காட்சியைக் காணலாம். ஷாமியானா பந்தல். மேடை. வரிசையாகப் பத்துத் தையல் மிஷின்கள். அவற்றின் பின்னால் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தபடி பத்துச் சகோதரிகள். மிஷினின் ஒரு பக்கத்தைக் கொடையாளர் பிடிக்க, மறுபக்கத்தை அந்தச் சகோதரி பிடிக்க, "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்கிறார் போட்டோகிராபர். மறுநாள் பத்திரிகையில் படம். "ஆதரவற்ற பெண்களுக்கு உதவி!"

இதைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. கொடுப்பவர்களின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். நம் அமைப்பும் இத்தகைய மேடைகளைப் போட்டிருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆயத்த ஆடைகள் மலிந்து கிடக்கும் காலத்தில், ஒரே தெருவில் ஏழு வீட்டில் மிஷின் இருந்தால், ஏழு பேருக்கும் தைக்கத் துணி எங்கிருந்து வரும்? இருபத்து நான்கு வயதில், கையில் இரண்டு குழந்தைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்ணுக்கு, இந்தச் சமுதாயம் காட்டும் ஒரே வழி தையல் மிஷின்தானா?

அவள் படிக்க விரும்பினால்?

பாடம் கேட்ட ஊரில்...

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வேலூர் போகும் சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. இராமானுசர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் இதுதான் என்று வைணவர்களின் வரலாறு சொல்கிறது. கல்வி தேடிக் காஞ்சிக்கு வருவதும், காஞ்சியிலிருந்து இங்கே வருவதும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்திருக்கிறது.

இன்று இந்த வட்டாரத்தில் விடியற்காலையில் சாலையோரம் நின்று பாருங்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கம்பெனி வண்டிகளில் பெண்கள் ஏறுகிறார்கள். வண்டி ஏற முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து பட்டுத்தறிக்குத் தார் சுற்றுகிறார்கள், நூல் இழைக்கிறார்கள். எந்த மதத்தைச் சேர்ந்த பெண்ணாக இருந்தாலும், கணவனை இழந்து அல்லது பிரிந்து, குழந்தையோடு தனித்து நிற்கும்போது அவளுக்குக் கிடைப்பது இந்தக் கடைநிலைக் கூலிதான். அவளிடம் பிளஸ் டூ மார்க் ஷீட் இருக்கும். பெட்டிக்குள், நிக்காஹ் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருப்பாள். அதை எடுத்துக்கொண்டு மீண்டும் கல்லூரிக்குப் போகலாம் என்று அவளிடம் சொல்ல ஒருவர்கூட இல்லை என்பதுதான் வேதனை!

நாம் கொடுத்த வாக்கு

இளைஞர்களே! உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். 1985இல் ஷா பானு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நாடெங்கும் முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். ஊர்வலங்கள், கண்டனக் கூட்டங்கள், தந்திகள். "எங்கள் பெண்களைப் பார்த்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும், ஷரீஅத் அதற்கு வழி சொல்லியிருக்கிறது" என்பதே அன்று நாம் வைத்த வாதம். அதன் விளைவாக 1986இல் முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைப் பாதுகாப்பு) சட்டம் வந்தது. தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு இத்தா காலத்துக்குள் நியாயமான ஏற்பாட்டைக் கணவன் செய்துவிட வேண்டும். அதன் பிறகும் அவளால் வாழ முடியவில்லையென்றால் அவளுக்கு வாரிசாகக்கூடிய உறவினர்கள் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் வசதியில்லையென்றால் மாநில வக்ஃபு வாரியம் கொடுக்க வேண்டும். சட்டத்தின் நான்காம் பிரிவு இதைத் தெளிவாகச் சொன்னது.

பிறகு நடந்தது என்ன? நம் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தலாக் பெற்ற ஒரு பெண், பெற்றோருக்கு வசதியில்லை, வக்ஃபு வாரியம் ஜீவனாம்சம் தரட்டும் என்று கேட்டார். 'முதலில் உறவினர்கள்மீது வழக்குப் போட்டு முடித்துவிட்டு வா' என்பது வாரியத்தின் வாதம். அவள் படிப்படியாக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டியதில்லை, ஒரே வழக்கில் வாரியத்தையும் கேட்கலாம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எங்கள் பெண்களை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று வீதியில் முழங்கிய சமுதாயத்தின் வாரியம், ஒரு பெண்ணின் ஜீவனாம்சத்தை எதிர்த்து டெல்லி வரை போனது! 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கிலும், 2024 ஜூலையில் தெலங்கானா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக விவாதிக்கிறோம். நீதிமன்றம் ஷரீஅத்தில் தலையிடலாமா என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண்களை நீதிமன்றத்தின் படியேற வைத்தது யார் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாமா?

அரசு பார்த்துக்கொள்ளாதா?

"அதற்குத்தான் அரசுத் திட்டங்கள் இருக்கின்றனவே" என்பார்கள் சிலர். இருக்கட்டும். அந்தத் திட்டங்கள் இந்த இருபத்து நான்கு வயதுத் தாயை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம், அதாவது 'புதுமைப் பெண்', கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. அருமையான திட்டம். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அஞ்சல்வழி, தொலைநிலைக் கல்விக்கு அது கிடையாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அன்றாடம் கல்லூரிக்குப் போக முடியாதவளுக்குக் கைகொடுப்பதோ தொலைநிலைக் கல்விதான்.

கணவனால் கைவிடப்பட்டோருக்கான உதவித்தொகை 1986 முதல் தமிழ்நாட்டில் உண்டு. அதற்கு வைக்கப்பட்ட விதிகளைக் கேளுங்கள். குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்தாண்டுகள் கைவிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பிரிந்ததற்குச் சான்று வேண்டும். கல்லூரிக்குத் திரும்பப் பொருத்தமான வயது எதுவோ, அந்த வயது முழுவதும் காத்திருப்பிலேயே கழிந்துவிடுகிறது!

2023 செப்டம்பர் 15 அன்று இதே காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கி வைக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய். குடும்பத் தலைவிக்கு என்று வகுக்கப்பட்டது. தாய்வீட்டு ரேஷன் கார்டில் மகளாகப் பெயர் சேர்க்கப்பட்டிருப்பவள் அங்கே குடும்பத் தலைவியாவது எப்படி?

மத்திய அரசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுபான்மை மாணவர்களின் ஆராய்ச்சிப் படிப்புக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022இல் நிறுத்திவிட்டது.

ஆக, அரசுத் திட்டங்கள் தேவை, அவற்றைப் போராடிப் பெறவும் வேண்டும். ஆனால் கல்லூரிக்குத் திரும்ப நினைக்கும் தனித்தாய் அவற்றின் இடுக்குகளில் விழுந்துவிடுகிறாள். அந்த இடுக்கை அடைக்க வேண்டியவர்கள் நாம்.

வழியில் சொல்லப்படும் தடைகள்

"அவளுக்கு மறுமணம் செய்து வைத்தால் போதுமே, படிப்பு எதற்கு?" என்கிறார்கள் பெரியவர்கள். மறுமணம் நபிவழி. அதைத் தூண்டுவோம், வரதட்சணை இல்லாமல் நடத்தியும் வைப்போம். ஆனால் மாப்பிள்ளை வரும்வரை அவள் என்ன செய்வது? இரண்டு குழந்தைகளோடு இருப்பவளை மணக்க முன்வரும் வாலிபர்கள் எத்தனை பேர்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். படிப்பு மறுமணத்துக்குத் தடையல்ல. வேறு வழியில்லாமல் தகாத ஒருவனுக்குத் தலையாட்ட வேண்டிய நிலைமைக்குத்தான் அது தடை.

"குழந்தைக்காரிக்கு இந்த வயதில் என்ன கல்வி?" என்பவர்களும் உண்டு. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கணவரை இழந்து, குழந்தைகளுடன் நின்றவர்கள். பிற்காலத்தில் ஸஹாபாக்களும் மார்க்கச் சட்டம் கேட்டு வந்த வாசலாக அவர்களின் வாசல் இருந்தது. நூற்றுக்கணக்கான ஹதீஸ்கள் அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பால்குடி வயதில் தந்தையை இழந்தார்கள். காஸாவிலிருந்து மக்காவுக்குப் பிள்ளையைச் சுமந்துவந்து, ஆசிரியருக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லாத வறுமையிலும் ஓதவைத்தவர் அவர்களின் தாய். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்), இமாம் புகாரி (ரஹ்) ஆகியோரையும் தந்தையில்லாத வீட்டில் தாய்மார்கள்தான் வளர்த்தார்கள். அந்த இமாம்களின் பெயரால் மத்ரஸாக்கள் வைக்கிறோம். அந்தத் தாயைப் போன்ற ஒருத்தி நம் தெருவில் தார் சுற்றிக்கொண்டிருந்தால், தாண்டிப் போய்விடுகிறோம்!

"ஹிஜாபைப் பேணிப் படிக்க இடம் ஏது?" என்ற கவலை நியாயமானது. பெண்களுக்கென்றே கல்லூரிகள் இருக்கின்றன. காஞ்சிபுரத்திலேயே பச்சையப்பன் மகளிர் கல்லூரி இருக்கிறது. சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955இல் எழுந்த மகளிர் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே படிக்கத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இடம் இல்லாமல் அவள் நிற்கவில்லை. பணம் இல்லாமலும், துணைக்கு ஆள் இல்லாமலும்தான் நிற்கிறாள்.

"இப்படியெல்லாம் உதவி செய்தால் தலாக் பெருகிவிடும்" என்பது இன்னொரு வாதம். வெள்ளத்தில் விழுந்தவனைக் காப்பாற்றினால் எல்லோரும் வெள்ளத்தில் குதிப்பார்கள் என்பதைப் போன்றது இது. பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

வணிகப் பெருமக்களே, ஒரு கணக்கு!

உங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு பேச்சுக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தாய் கல்லூரிக்குப் போக மாதம் என்ன தேவைப்படும்? கட்டணம், தேர்வு, புத்தகம் எல்லாம் சேர்த்து மாதச் சராசரி 1,500 ரூபாய். போக்குவரத்து, மதியச் சாப்பாடு 1,000. குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு 1,500. அவள் கூலி வேலையைக் குறைத்துக்கொள்வதால் வீட்டில் விழும் துண்டுக்கு ஈடாக 2,000. மொத்தம் 6,000. ஆண்டுக்கு 72,000. மூன்று ஆண்டுப் பட்டப்படிப்புக்கு 2,16,000 ரூபாய். ஊருக்கு ஊர் சற்றுக் கூடும், குறையும்.

கடையில் இருக்கும் சரக்கு, கையிருப்பு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, நிகரமாக 30 லட்சம் நிற்கும் ஒரு வணிகரின் ஜகாத் எவ்வளவு? நாற்பதில் ஒன்று. 75,000 ரூபாய். அதாவது ஒரே வணிகரின் ஓராண்டு ஜகாத், ஒரு சகோதரியின் ஓராண்டுக் கல்விக்குப் போதும். அத்தனை வசதியில்லையா? பத்துப் பேர் சேருங்கள். தலைக்கு மாதம் 600 ரூபாய். நாளைக்கு 20 ரூபாய். ஒரு டீயும் ஒரு வடையும்.

இதே ஜகாத்தை நாம் இன்று என்ன செய்கிறோம்? கடை வாசலில் வரிசை நிற்க வைத்து, ஆளுக்கு நூறும் இருநூறுமாகப் பிரித்துவிடுகிறோம். வாங்கியவர் அடுத்த ரமளானிலும் அதே வரிசையில் நிற்கிறார். நாற்பது ஆண்டுகள் கொடுத்தும் ஒருவரையும் வரிசையிலிருந்து வெளியேற்றவில்லை. ஜகாத்தின் நோக்கம் வரிசையை நீளமாக்குவதா?

ஜகாத் பெறத் தகுதியானோர் என்று அத்தவ்பா அத்தியாயம் எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. ஃபக்கீரும் மிஸ்கீனும் அதில் முதலில் நிற்பவர்கள். தேவையுடைய தனித்தாய் அவர்களில் ஒருத்தியல்லவா? ஜகாத்தை உரியவருக்கு உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஆகவே கல்லூரிக்குக் கட்டாமல் அவள் கணக்கிலேயே செலுத்திவிடுங்கள். நகை போன்ற சொத்து நிஸாபை எட்டியிருப்பதால் ஜகாத் பெற முடியாதவளுக்கு ஸதகாவிலிருந்து கொடுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள். உடன்பிறந்த சகோதரி தேவையுடையவளாக இருந்தால் அவளுக்கே ஜகாத் கொடுக்கலாம். தர்மம், உறவைப் பேணுதல் என்று அதற்கு இரட்டை நன்மை உண்டு. தங்கை வீட்டில் முடங்கிக் கிடக்க, அண்ணன் அடுத்த ஊரில் தையல் மிஷின் கொடுப்பது என்ன நியாயம்?

வணிகர்களால் இது முடியுமா என்று கேட்காதீர்கள். பச்சையப்பர் என்ற துபாஷி 1794இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற அறச்சொத்திலிருந்து 1842இல் சென்னையில் பள்ளி எழுந்தது, பின்னர் கல்லூரிகள் எழுந்தன. நம்மவர்களான ஜமால் முகமது சாஹிபும் காஜா மியான் ராவுத்தரும் வணிகர்கள்தான். 1951 முதல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி நிற்கிறது. முன்னோர் கல்லூரியையே கட்டித் தந்தார்கள். அதன் வாசல் வரை ஒரு தாயைக் கொண்டுவந்து விடும் செலவைக்கூட நாம் ஏற்கக்கூடாதா?

வெளியுலகையும் பாருங்கள். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், தனித்து நிற்கும் பெற்றோர் கல்லூரிக்குத் திரும்புவதற்காகவே 1990இல் ஒரு நிதி அமைத்தார்கள். உள்ளூர் மக்களின் நன்கொடையை நம்பி மாவட்டம் மாவட்டமாக அதை வளர்த்தார்கள். மலேசியாவில் ஏழை மாணவர்களுக்கு ஜகாத் நிதியிலிருந்தே உயர்கல்வி உதவி கிடைக்கிறது. அங்கே போய் வரும் நம் வணிகர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு வேண்டும். கணவனை இழந்தோர், தலாக் அல்லது குலா ஆனோர், கைவிடப்பட்டோர், இவர்களில் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் யார்? எதுவரை படித்திருக்கிறார்கள்? சான்றிதழ்கள் கையில் இருக்கின்றனவா, மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கின்றனவா? கணவன் வீட்டில் சிக்கிய மார்க் ஷீட்டை வாங்கித் தருவதே ஜமாஅத் செய்யும் பெரிய உதவியாக இருக்கும். இந்தப் பதிவேடு அமானிதம். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கல்ல.

இரண்டாவதாக, மூன்றாண்டு உறுதி. ஒரு ரமளானில் கொடுத்துவிட்டு அடுத்த ரமளானில் கைவிரித்தால், பாதியில் நின்ற படிப்பு பாதியில் நின்ற நிக்காஹைவிடக் கொடுமை. பணம் முழுவதற்கும் ஆள் உறுதியான பிறகே ஒருவரைச் சேர்க்க வேண்டும். பத்துப் பேரை ஆரம்பித்து நிறுத்துவதைவிட ஒருவரைப் பட்டதாரியாக்குவது மேல்.

மூன்றாவதாக, தேர்வு செய்யும் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். ஆசிரியைகள் இருந்தால் நல்லது. எட்டு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, "ஏம்மா உன்னை விட்டுட்டுப் போனார்?" என்று கேட்கும் சபைக்கு எந்தச் சகோதரியும் வரமாட்டாள்.

நான்காவதாக, காகிதங்கள். தனியார் ஷரீஅத் கவுன்சில் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் உதவித்தொகைக்கு உரிய சான்று இல்லாமல் பலர் திண்டாடுகிறார்கள். நம் வழக்கறிஞர் அணி இவர்களுக்குக் கட்டணமின்றி உதவ வேண்டும். ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அரசுப் பணித் தேர்வாணையத்தின் தேர்வுகளில் வயதுச் சலுகையும் முன்னுரிமையும் உண்டு. 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் கிடைத்தது. பட்டம் மட்டும் கையில் இருந்தால், எத்தனை கதவுகள்!

ஐந்தாவதாக, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் அமைக்கப்பட்டன. சங்கம் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் தரும் ஏற்பாடு அது. நாம் கொடுப்பது கூடினால்தான் அரசு கொடுப்பதும் கூடும். அந்தச் சங்கத்தின் பணத்தில் ஒரு பகுதியைத் தனித்தாய்மார்களின் உயர்கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று நம் மாவட்ட நிர்வாகிகள் மனுக் கொடுக்க வேண்டும். 'புதுமைப் பெண்' போன்ற திட்டங்களில் தொலைநிலைக் கல்வி பயிலும் தனித்தாய்க்கு விதிவிலக்குக் கேட்டு அரசை வலியுறுத்த வேண்டும். இந்தக் கோரிக்கை முஸ்லிம் பெண்ணுக்கு மட்டுமானதல்ல. நமக்குப் பக்கத்து வீட்டில் தறியில் உட்கார்ந்திருக்கும் முதலியார் வீட்டுக் கைம்பெண்ணுக்கும் சேர்த்தே கேட்போம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

பணம் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். கால்கள் இருக்கின்றன. விண்ணப்பம் வாங்கி வருவது, கல்லூரியில் விசாரிப்பது, தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பது இவையெல்லாம் உங்கள் வேலை. உங்கள் அக்கா, தங்கை, சின்னம்மா மகள் யாராவது பிளஸ் டூவோடு வீட்டில் இருக்கிறார்களா என்று இன்று இரவே வீட்டில் கேளுங்கள். "படிக்கிறியா?" என்ற ஒரு சொல்லுக்காக அவர்கள் எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்!

கைம்பெண்களுக்காகவும் ஏழைகளுக்காகவும் பாடுபடுபவரை, அல்லாஹ்வின் பாதையில் போராடுபவருக்கு ஒப்பாகச் சொன்னார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அந்தப் பாடு ஒரு தையல் மிஷினோடும் ஒரு போட்டோவோடும் முடிந்துவிடுமா?

தைக்க விரும்பும் சகோதரிக்கு மிஷின் கொடுப்போம். படிக்க விரும்பும் சகோதரிக்குப் படிப்பைக் கொடுப்போம். எது வேண்டும் என்று முதலில் அவளிடமே கேட்போம். வரும் ரமளானுக்குள் ஒவ்வொரு கிளையும் ஒரே ஒரு தாயையாவது கல்லூரியில் சேர்த்துவிட்டது என்ற செய்தி தலைமையகத்துக்கு வரட்டும். படம் வேண்டாம். மூன்றாண்டு கழித்து அவள் பட்டத்தோடு நிற்கும்போது, அவள் சம்மதித்தால், அந்தப் படத்தை இந்த ஏட்டின் முதல் பக்கத்தில் போடுவோம். இன்ஷா அல்லாஹ்!